கேட்கும் முன்பே பதில் சொன்ன பியூன்

“ஆன்ட்டி, அந்த சோட்டேலால் ரோல் பண்ணினாரே, அவர் நிஜத்துலயும் அப்படித்தானா? தோடா ஸ்லோ?”

டெல்லி மயூர் விஹாரில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டி லிஃப்டில் வைத்து நிவேதிதா என்னைக் கேட்ட கேள்வி இது. மூன்றாவது மாடிப் பெண். நொய்டாவில் செல்போனில் பார்க்கும் நகைச்சுவைத் தொடர்கள் எடுக்கும் கம்பெனி ஒன்றில் எழுதுகிறாள். நாங்கள் அந்தக் காலத்தில் எடுத்த ‘லஞ்ச் கே பாத்’ என்ற ஹிந்தித் தொடரை யாரோ இன்டர்நெட்டில் ஏற்றியிருக்கிறார்களாம். அவளும் ஆபீஸ் நண்பர்களும் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை சொசைட்டி ஹாலில் பெரிய திரையில் போடப் போகிறோம், நீங்கள் வந்து ரெண்டு வார்த்தை பேச வேண்டும் என்றாள். அந்தத் தொடருக்கு ஃப்ளோர் மேனேஜராக இருந்த கோமதி நான்தான் என்று அவள் அம்மா போட்டுக் கொடுத்துவிட்டாள்.

சரி என்று தலையாட்டினேன். ஆனால் கொஞ்சம் மந்தமா என்ற அந்த ‘தோடா ஸ்லோ’ எனக்குச் சுருக்கென்று தைத்தது. லிஃப்ட் கதவு திறந்துவிட்டதால் அவள் தப்பித்தாள். வாயால் பதில் சொல்லப் புறப்பட்டால் நடுவில் யாரையாவது அதட்டத் தொடங்கிவிடுவேன், அது தொழில் புத்தி. அதனால் எழுதுகிறேன். நிவேதிதாவுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அவள் அம்மா உட்கார்ந்து படித்துக் காட்டட்டும், போட்டுக் கொடுத்ததற்கு அதுதான் தண்டனை.

ஃப்ளோர் மேனேஜர் என்றால் என்ன என்று என் மாமியாருக்குக் கடைசி வரை புரியவில்லை. தரை துடைப்பதை மேற்பார்வை பார்க்கும் உத்தியோகம் என்று திருநெல்வேலி முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். விஷயம் இதுதான். டைரக்டர் மாடியில் கண்ணாடி அறையில் மானிட்டர்களுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். கீழே நடிகர்கள், கேமராக்கள், விளக்குகள், பார்வையாளர்கள். அவருக்கும் இவர்களுக்கும் நடுவில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நிற்கிற ஆள் நான். அவர் என் காதில் சொல்வதை நான் கையால் சொல்ல வேண்டும். விரலைச் சுழற்றினால் சீக்கிரம், இரண்டு கையையும் இழுத்தால் நிதானம், கழுத்தில் விரலை வைத்து இழுத்தால் கட். பயிற்சிக் காலத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. கேபிள் சுருட்டினேன், திட்டு வாங்கினேன், ஊரை வாயை மூடச் சொல்லும் வித்தையை மூன்று மொழியில் கற்றுக்கொண்டேன்.

‘லஞ்ச் கே பாத்’ ஒரு சர்க்கார் ஆபீஸ் கதை. எந்த வேலையாக யார் வந்தாலும் ‘லஞ்சுக்கு அப்புறம் வாங்க’ என்பதுதான் அங்கே பதில். அதிகாரி படே பாபு மகா கெட்டிக்காரர், கண்டிப்பானவர். அவருக்கு வாய்த்த பியூன் சோட்டேலால் உலக மகா அசடு. இந்த இரண்டு பேரை வைத்துத்தான் மொத்தத் தொடரும் ஓடியது. என் வீட்டுக்காரர் அப்போது மத்திய சர்க்காரில் செக்‌ஷன் ஆபீசர். ஒரு எபிசோடை முழுக்கப் பார்த்துவிட்டு, எங்க ஆபீசில் தினம் நடக்கிறதுதானே, இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்டார். அதற்கு மேல் ஒரு விமர்சனம் எங்களுக்கு வரவில்லை.

இனி சோட்டேலாலைப் பற்றி. அந்த வேஷம் போட்டவர் ரங்கராஜன், திருச்சிக்காரர். கரோல் பாக்கில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தார். பகலில் கல்லூரியில் தர்க்க சாஸ்திரம் நடத்தும் பேராசிரியர். தமிழ், ஹிந்தி, உருது, பெர்ஷியன் எல்லாம் படிப்பார். காலேஜில் பையன்கள் அவரைப் பார்த்து நடுங்குவார்களாம். அதே மனிதர் சாயங்காலம் ஸ்டுடியோவுக்கு வந்து காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, வாயை ஒரு நூல் அளவு திறந்து வைத்துக்கொண்டால், அறிவு என்ற சரக்கு அந்த முகத்தின் பக்கமே வந்ததில்லை என்று சத்தியம் செய்யலாம்.

ஒரு நாள் டீ நேரத்தில் அவரிடம் கேட்டேன், எப்படி சார் இது வருகிறது என்று. அதற்கு அவர் ஒரு எபிசோடை எடுத்துக்காட்டினார். அதில் படே பாபு ஒரு ஃபைலைக் கொடுத்து, இது யார் கண்ணிலும் படக் கூடாது என்பார். சோட்டேலால் ஒளித்து வைப்பான். மறுநாள் படே பாபுவே கேட்டாலும் தரமாட்டான். உங்களுக்கும் கண் இருக்கிறதே சாப் என்பான்.

“இதுல அவன் எங்க தப்பு பண்றான், சொல்லுங்க பார்ப்போம்?” என்றார் ரங்கராஜன். “அவன் கணக்குப்படி ஒரு ஓட்டை கிடையாது. ஆரம்பிக்கிற இடம் மட்டும்தான் கோணல். அசடுன்னு நினைச்சு நடிச்சா அசடா வராது, கோமதி. இந்த ஆபீஸ்லயே நான் ஒருத்தன்தான் ஒழுங்கா யோசிக்கிறேன்னு நினைச்சு நடிக்கணும்.”

அன்றிலிருந்து நிஜ ஆபீஸ்களில் எத்தனையோ பேர் அப்படி நினைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டேன். அவர்களை யாரும் நடிகர்கள் என்று சொல்வதில்லை.

உடம்பையும் அவர் அதே கணக்கோடுதான் வைத்திருந்தார். சோட்டேலால் டீத் தட்டோடு வாசற்படியில் தடுக்குவான். பார்ப்பவர்களுக்குப் பகீரென்று இருக்கும். ஒரு சொட்டு கீழே சிந்தாது. அதற்காக அவர் தச்சரிடம் நிலைப்படியின் உயரத்தைக் கேட்டு, அதே உயரத்தில் ஒரு கட்டையைத் தன் வீட்டில் வைத்துத் தடுக்கிப் பழகினார். எந்த கேமராவின் சிவப்பு விளக்கு எரிகிறது என்று திரும்பிப் பார்க்காமலே அவருக்குத் தெரியும். ஜனங்கள் சிரிக்கும்போது, சிரிப்பு ஏறி உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கும் வரை காத்திருந்து அடுத்த வார்த்தையை விடுவார். அந்தக் காத்திருப்புக்குத்தான் மூளை வேண்டும். விரலைச் சுழற்றி நான் அவசரப்படுத்தினாலும் மசிய மாட்டார்.

படே பாபுவாக நடித்தவர் திரிலோக்நாத். எங்கள் எல்லோருக்கும் திரிலோக் சாப். டெல்லி நாடக மேடைகளில் ராஜாக்களாகவும் நீதிபதிகளாகவும் வாழ்ந்து முடித்த பெரியவர். குரல் கடைசி வரிசைச் சுவரில் மோதித் திரும்பும். கேமரா இடுப்புக்குக் கீழே காட்டப் போவதில்லை என்று தெரிந்தும் ஷூவுக்குத் தானே பாலிஷ் போட்டுக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருப்பார். என்னை ‘பேட்டி’, அதாவது மகளே, என்று கூப்பிடுவார். அவரை மட்டும் நான் அதட்டியதில்லை.

எங்கள் டைரக்டர் மல்ஹோத்ரா சாபின் சுபாவத்தைச் சொல்லாவிட்டால் மேற்கொண்டு கதை புரியாது. அவர் குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. சந்தோஷமாக இருந்தால் நம்மை நீ, வா, போ என்பார். கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். ‘கோமதி, இதர் ஆ’, இங்கே வா, என்று கூப்பிட்டால் டீ வாங்கிக் கொடுக்கப் போகிறார். ‘கோமதிஜி, கொஞ்சம் வருகிறீர்களா’ என்றால் எங்கேயோ தப்பு செய்திருக்கிறேன் என்று அர்த்தம். ஒருமுறை ஒரு கேமராமேனுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, கைகூப்பி, தாங்கள் அமர வேண்டும் என்றார். அந்த கேமராமேனை அதற்குப் பிறகு நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

ரிக்கார்டிங் நாளில் பஸ் வைத்து கோல் மார்க்கெட் சர்க்கார் குவார்ட்டர்ஸிலிருந்து பார்வையாளர்களை அழைத்து வருவோம். குளிர்காலத்தில் ஆன்ட்டிமார்கள் எல்லோரும் ஸ்வெட்டர் பின்னும் ஊசிகளோடு வருவார்கள். அந்த டிக் டிக் மைக்கில் விழும். மாமாக்கள் பையில் நிலக்கடலை இருக்கும். தோல் உடைக்கும் சத்தம் அதைவிட மோசம். வாசலில் நின்று ஊசியையும் கடலையையும் பறிமுதல் செய்வது என் முதல் வேலை. அதற்காக என்னைப் பிடிக்காதவர்கள் கோல் மார்க்கெட்டில் இன்றும் இருக்கலாம்.

காட்சி ஆரம்பித்தால் முடியும் வரை நிறுத்தக் கூடாது என்பது சட்டம். இந்தக் காலத்தைப் போல வேண்டிய அளவுக்குத் திரும்பத் திரும்ப எடுக்க முடியாது. டேப்பின் விலை ஒரு காரணம். இன்னொரு காரணம், ஒரு வேடிக்கைக்கு ஜனங்கள் ஒரு தடவைதான் மனதாரச் சிரிப்பார்கள். இரண்டாம் தடவை நமக்காகச் சிரிப்பார்கள், அது கேட்கச் சகிக்காது. அதனால் வசனம் மறப்பது அங்கே பெரிய குற்றம்.

அந்தக் குற்றத்தைத் திரிலோக் சாப் செய்தார்.

காட்சி எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. வசனங்கள் ஹிந்தியில்தான், என் வசதிக்குத் தமிழில் சொல்கிறேன். என் மேஜை விசிறியை யார் எடுத்தது என்று படே பாபு கேட்க வேண்டும். வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. முகத்தில் அதிகாரம் அப்படியே இருந்தது, ஆனால் மேஜைமேல் இருந்த ஃபைலின் ஓரத்தை அவர் விரல்கள் இறுகப் பிடிப்பதைப் பார்த்தேன். என் கை கழுத்துக்குப் பாதி வழி போய்விட்டது. அப்போது டீத் தட்டோடு ஓரமாக நின்ற சோட்டேலால், தனக்கு வசனமே இல்லாத இடத்தில், ஒரு அடி முன்னால் வந்தான்.

“சாப், இப்ப நீங்க, என் மேஜை விசிறியை யார் எடுத்ததுன்னு கேட்கப் போறீங்க. நான் எடுக்கலை. எடுத்திருந்தாலும் இதே மூஞ்சியோடதான் நிப்பேன், ஆனா எடுக்கலை.”

ஹால் அதிர்ந்தது. அந்தச் சிரிப்பு இறங்குவதற்குள் திரிலோக் சாபுக்கு வசனம் கிடைத்துவிட்டது. “என் விசிறியை யார் எடுத்தது?” என்று இடி மாதிரி கேட்டார். இரண்டாவது சிரிப்பு முதலாவதைவிடப் பெரிது. என் கையில் ஸ்கிரிப்ட் இருந்தது, அந்தப் பக்கத்தில் அப்படி ஒரு வரியே இல்லை.

அதற்கு அடுத்த எபிசோடிலும் நடந்தது. அதற்கு அடுத்ததிலும். ஒத்திகையில் கையில் தாள் இருக்கும்போது பெரியவர் ஒரு எழுத்து பிசக மாட்டார். விளக்கு எரிந்ததும் எங்கேயோ ஒரு இடத்தில் அவர் மனதில் அந்தப் பக்கம் வெளுத்துப் போகும். சோட்டேலால் உடனே முந்திக்கொண்டு, கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வான். அவன் பதிலுக்குள்ளேயே பெரியவருக்கு வேண்டிய கேள்வி இருக்கும். வீட்டில் டீவி பார்ப்பவர்களுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. டிடிசி பஸ்ஸில் கண்டக்டர் வாயைத் திறப்பதற்கு முன்பே, நான் டிக்கெட் எடுத்தாச்சு என்று பிள்ளைகள் சோட்டேலால் குரலில் சொல்வதை நானே கேட்டேன்.

எங்கள் எழுத்தாளருக்குத்தான் அது பிடிக்கவில்லை. தான் எழுதாத வரிக்கு ஜனங்கள் சிரித்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? ரங்கராஜன் சிரிப்புக்கு அலைகிறார், பெரியவரின் வசனங்களைப் பிடுங்கித் தின்கிறார் என்று மாடிக்குப் போய்ச் சொல்லிவிட்டார். மேலே இருந்து பார்த்தால் அது அப்படித்தான் தெரியும்.

மறுநாள் மல்ஹோத்ரா சாப் அறையில் ஷெட்யூலோடு நான் நிற்கும்போது ரங்கராஜன் வந்தார். மல்ஹோத்ரா சாப் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். “ரங்கராஜன்ஜி, தாங்கள் தயவுசெய்து அமர வேண்டும்” என்றார். எனக்கு அந்த கேமராமேன் ஞாபகம் வந்தது. மூத்த கலைஞரின் வாயிலிருந்து வசனத்தைப் பறிப்பது தங்களைப் போன்ற படித்தவருக்கு அழகா என்று மிக மிருதுவாகக் கேட்டார். அடுத்த ஷெட்யூலில் சோட்டேலாலுக்கு லக்னோவுக்கு மாற்றல் ஆர்டர் வரும் என்றும் சொன்னார். ஒரு பாத்திரத்தைத் தொடரை விட்டு அனுப்ப அந்தக் காலத்தில் அதுதான் வழி. யாரும் சாக வேண்டியதில்லை, லக்னோ போனால் போதும்.

ரங்கராஜன் மறுப்பார் என்று பார்த்தேன். அவர் சோட்டேலாலின் அதே முகத்தோடு, ஆமாம் சாப், சிரிப்புச் சத்தம் கேட்டால் எனக்கு ஆசை அடங்க மாட்டேன் என்கிறது, தப்புதான் என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வராந்தாவில் அவரைப் பிடித்து நிறுத்தினேன். கோபத்தில் எனக்குத் திருநெல்வேலி முழுசாக வெளியே வந்துவிடும்.

“எதுக்கு சார் இப்படி ஒத்துக்கிட்டிய? நடந்ததை நான் போய் சொல்லுதேன்.”

“என்னன்னு சொல்லுவீங்க? பெரியவருக்கு மறதி வந்தாச்சுன்னா?” என்றார் ரங்கராஜன். “இங்க சொன்னா நாளைக்கு எல்லா நாடகக்காரனுக்கும் தெரிஞ்சிடும். அப்புறம் டெல்லியில எந்த மேடை அவரைக் கூப்பிடும்? எனக்குக் காலேஜ் இருக்கு. சோட்டேலாலுக்கு லக்னோல போஸ்டிங் இருக்கு. அவருக்கு இது ஒண்ணுதான் இருக்கு, கோமதி.”

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டுதான் கரோல் பாக் பஸ் ஏறினார். நான் மண்டையை உடைத்துக்கொண்டேன். சொன்னால் பெரியவர் போய்விடுவார். சொல்லாவிட்டால் இவர் போய்விடுவார். இவர் போனால் அடுத்த எபிசோடிலேயே பெரியவரும் மாட்டிக்கொள்வார், அதுதான் வேடிக்கை. வீட்டில் அன்று ரசத்துக்கு இரண்டு முறை உப்புப் போட்டேன். என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார், சர்க்கார் உத்தியோகஸ்தர் இல்லையா.

தட்டைக் கழுவும்போதுதான் தொழில் கைகொடுத்தது. மாடி அறையில் பல மானிட்டர்கள் இருந்தாலும் டைரக்டரின் கண் அடுத்து யார் பேசுகிறார் என்பதிலேயே இருக்கும். பேசுகிற முகத்துக்கு ஷாட்டை மாற்ற வேண்டிய அவசரம் அவருக்கு. சோட்டேலால் வாயைத் திறந்ததும் ஷாட் அவனுக்குப் போய்விடும். அப்போது பெரியவரின் விரல்கள் என்ன செய்கின்றன என்பதை மாடியில் யாரும் பார்த்ததே இல்லை. அதைப் பார்க்கிற ஆள் தரையில் நிற்கிற நான் மட்டும்தான்.

மறுநாள் மாடிக்குப் போய், அடுத்த ரிக்கார்டிங்கின்போது உதவி டைரக்டரை ஷாட் மாற்றச் சொல்லிவிட்டு, நீங்கள் கீழே வந்து என் பக்கத்தில் நில்லுங்கள் என்று மல்ஹோத்ரா சாபிடம் கேட்டேன்.

“எதற்காக, கோமதிஜி?” என்றார். ‘ஜி’ வந்துவிட்டது.

“மேலேயிருந்து பார்த்தால் பேசுகிறவர் மட்டும்தான் தெரிகிறார், சாப். கீழே வந்தால் பேசாதவரும் தெரிவார்” என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் வாக்கும் கெடவில்லை.

வந்தார். கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு கேமரா ட்ராலிக்குப் பின்னால் என் தோள் பக்கம் நின்றார். அன்றைக்கென்று பெரியவர் பளிச்சென்று பேசிக்கொண்டே போனார். இப்படியே முடிந்துவிட்டால் என்னை லக்னோவுக்கு அனுப்பிவிடுவார்களே என்று ஸ்கிரிப்டில் மீதிப் பக்கங்களை எண்ணத் தொடங்கினேன். காட்சி முடியப் போகும் நேரத்தில், கதவைப் பார்த்துத் திரும்பிய திரிலோக் சாப் நின்றார். ஒரு கை நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டது. கண்கள் யாரையும் பார்க்காமல் எங்கேயோ தேடின. பெரிய கூட்டத்தில் பிள்ளையின் கையைத் தவறவிட்டவர்கள் அப்படித்தான் தேடுவார்கள். சோட்டேலால் வாளியைக் கீழே வைத்துவிட்டு, “சாப், நீங்க இப்ப…” என்று ஆரம்பித்தான். ஜனங்கள் சிரித்தார்கள். மல்ஹோத்ரா சாப் சோட்டேலாலைப் பார்க்கவே இல்லை. பெரியவரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காட்சி முடிந்ததும் நேராக மாடி ஏறினார். எழுத்தாளரைக் கூப்பிட்டு, சோட்டேலால் முந்திப் பதில் சொல்வது ஜனங்களுக்குப் பிடித்திருக்கிறது, இனி எல்லா எபிசோடிலும் அதை நீயே எழுது, ரங்கராஜனுக்கு எங்கே தோன்றினாலும் கூடச் சேர்த்துக்கொள்ளட்டும் என்றார். தன் வரியாகப் போகிறது என்றதும் எழுத்தாளருக்கும் பரம சந்தோஷம். பிறகு ரங்கராஜனைப் பார்த்து, “அரே, உட்கார்டா, சாய் குடி” என்றார். லக்னோ ஆர்டர் ரத்து. என்னைத் தாண்டிப் போகும்போது, கோமதி, உன் வாட்ச் நின்றுவிட்டது பார் என்றார். ‘ஜி’ போய்விட்டது. வாட்ச் நிஜமாகவே நின்றுதான் இருந்தது.

அதற்கப்புறம் தொடர் ஜாம் ஜாமென்று ஓடியது. மல்ஹோத்ரா சாபும் நானும் அதைப் பற்றி ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. பெரியவருக்கு எதுவும் தெரியாது என்று நாங்கள் மூன்று பேருமே நினைத்திருந்தோம். அவரோ டீ நேரத்தில் என்னைக் கூப்பிட்டு, பேட்டி, இந்த ரங்கராஜன் நல்ல பிள்ளைதான், ஆனால் அடுத்தவன் வசனத்தில் வாய் வைக்கிற பழக்கம் மட்டும் போகமாட்டேன் என்கிறது, நீ கொஞ்சம் கண்டித்து வை என்பார். ரங்கராஜனும் பக்கத்திலேயே நின்று, மன்னிக்க வேண்டும் சாப் என்பார். நான் டீ க்ளாசுக்குள் முகத்தை மறைத்துக்கொள்வேன்.

கடைசி எபிசோடுக்கு வருகிறேன். படே பாபு ரிட்டயர் ஆகிறார். மாலை போட்டாகிவிட்டது, எல்லோரும் போய்விட்டார்கள், அறையில் படே பாபுவும் சோட்டேலாலும் மட்டும். படே பாபு நீளமாகப் பேச வேண்டும். அந்தப் பேச்சை நினைத்து எனக்கு ஒரு வாரமாகச் சரியான தூக்கமில்லை. பேச்சின் முடிவில், என் சர்வீசில் உன்னைப் போல ஒரு மடையனைப் பார்த்ததில்லை என்று அவர் சொல்லுவார். அதற்கு சோட்டேலால், அதெல்லாம் இருக்கட்டும் சாப், நாளைக்கு எத்தனை மணிக்கு வருவீங்க என்று கேட்க வேண்டும். ரிட்டயர் ஆகிறார் என்பதே அவனுக்குப் புரியவில்லை. இல்லை, வரமாட்டேன் என்று அவர் சொல்ல, தொடர் முடியும்.

திரிலோக் சாப் பேசினார். ஒரு சொல் தடுக்கவில்லை. அந்தக் குரல் பழைய நாடக மேடைக் குரல். ஊசி பறிகொடுத்த ஆன்ட்டிகள் மூக்கைத் துடைத்துக்கொண்டார்கள். “உன்னைப் போல ஒரு மடையனை என் சர்வீசில் நான் பார்த்ததில்லை” என்று சொல்லி சோட்டேலாலின் தோளில் கையை வைத்தார். ஸ்கிரிப்டில் அந்தக் கை இல்லை.

சிரிப்பு வந்தது, உச்சிக்குப் போனது, இறங்கியது. ரங்கராஜன் பேசவில்லை. காத்திருக்கிறார் என்று முதலில் நினைத்தேன். சிரிப்பு முழுக்க அடங்கியும் பேசவில்லை. வாய் அந்த நூல் அளவு திறந்தே இருந்தது, கண் மட்டும் சோட்டேலாலின் கண் இல்லை. அத்தனை எபிசோடில் ஒரு எழுத்தை விடாத மனிதருக்கு வசனம் மறந்துவிட்டது. இரண்டு பேரும் சேர்ந்து தெரிகிற ஷாட்டில் இருந்த கேமராமேனுக்கும் எனக்குமாக, காதில் மாடியிலிருந்து மல்ஹோத்ரா சாபின் குரல் வந்தது. “டூ-ஷாட்டிலேயே நில். கோமதி, கையை அசைக்காதே.”

திரிலோக் சாப் நிதானமாக மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“சோட்டேலால், நீ இப்ப, நாளைக்கு எத்தனை மணிக்கு வருவீங்கன்னு என்னைக் கேட்கப் போறே. கேட்கறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன். நாளைக்கு நான் வரமாட்டேன்.”

அதே ஏற்ற இறக்கம், அதே மடத்தனமான முந்தல். ஒவ்வொரு எபிசோடிலும் யார் யாருக்கு எடுத்துக் கொடுத்தார்கள் என்று அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. கண்டித்து வை என்று என்னிடம் சொன்னதெல்லாம் நடிப்பு. எங்கள் மூன்று பேரையும் அந்தக் கிழவர் ஏமாற்றிவிட்டார்.

ஹால் பிய்த்துக்கொண்டு சிரித்தது. ரங்கராஜன் சிரிப்பு இறங்கக் காத்திருந்தார், இந்தத் தடவை நிஜமாகவே காத்திருந்தார். பிறகு சோட்டேலாலின் குரலில் சொன்னார்.

“பரவாயில்லை சாப். லஞ்சுக்கு அப்புறம் வாங்க.”

கட் சொல்ல வேண்டியவள் நான். கழுத்துக்கு விரலைக் கொண்டு போகாமல் கண்ணுக்குக் கொண்டு போய்விட்டேன். யாரும் கோபிக்கவில்லை.

திரிலோக் சாப் அதற்குப் பிறகு நடிக்கவில்லை. சில வருஷங்கள் கழித்து, கௌரவம் குறையாமல், போய்ச் சேர்ந்தார். ரங்கராஜன் இப்போது குர்கானில் பெண் வீட்டில் இருக்கிறார், அதை மட்டும் நிவேதிதாவிடமும் சொல்லியிருந்தேன். அவள் கேள்வியை அவருக்குப் போன் போட்டுச் சொன்னேன். “ஆமான்னு சொல்லிடுங்க கோமதி. கேட்கிற பொண்ணு நல்லா இருக்கட்டும். அவ நம்பிட்டான்னா நான் சரியாத்தான் பண்ணியிருக்கேன்” என்று சிரித்தார்.

இத்தனையும் எழுதி வைத்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை சொசைட்டி ஹாலில் அந்தக் கடைசி எபிசோடைப் போட்டார்கள். சரியான இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு வார்த்தை பேசுங்கள் ஆன்ட்டி என்று நிவேதிதா மைக்கைக் கொடுத்தாள். கடைசிக் காட்சியை இன்னொரு தடவை போடு, இந்தத் தடவை பேசுகிறவரைப் பார்க்காமல் சும்மா நிற்கிறவரைப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

போட்டாள். கை வைத்த தோள், சோட்டேலாலின் திறந்த வாய், அந்தக் கண். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. பின் வரிசையில் யாரோ சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தார்கள். நான் திரும்புவதற்குள் நிவேதிதாவே திரும்பி, வாயில் விரலை வைத்து அதட்டினாள்.

பிறகு என் பக்கம் குனிந்து, “ஆன்ட்டி, இவருக்கு டயலாக் மறந்து போச்சு. பெரியவர் எடுத்துக் கொடுக்கறார். ஹை நா?” என்றாள்.

“நீ இப்ப, அந்த சோட்டேலால் நிஜத்துல எப்படின்னு கேட்கப் போறே” என்றேன்.

“இல்ல ஆன்ட்டி” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “குர்கான்ல எங்க இருக்கார்னு கேட்கப் போறேன்.”